வேலைக்கும் விசேஷத்துக்கும் ஒரே சொல்

தென்னாப்பிரிக்காவின் கோசா ஜனங்கள் வேலையை உம்செபென்சி என்பார்கள். விசேஷத்தையும் உம்செபென்சி என்பார்கள். சுரங்கத்தில் இறங்கிப் பாறையைத் துளைத்தாலும் உம்செபென்சி, செத்துப்போன பெரியவரின் ஆவியை வீட்டுக்கு அழைக்க மாடு அறுத்து ஊரைக் கூட்டிச் சோறு போட்டாலும் உம்செபென்சி. எந்த உம்செபென்சி என்று கொபோடி ஊரில் யாரும் யாரையும் கேட்டதில்லை. சொல்கிற ஆளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நோசகேலேக்கு மட்டும் அந்தச் சொல்லை எந்த அர்த்தத்திலும் வாயால் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. அவள் மாமனாரின் பெயர் ம்செபென்சி.

மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. அதோடு போனால் பரவாயில்லையே. அந்தப் பெயரின் ஓசை எந்தச் சொல்லுக்குள் இருந்தாலும் அந்தச் சொல்லும் கூடாது. மாமனார் பெயர் மழை என்றிருந்தால், ஆயுசுக்கும் மழையை வேறு எதையாவது சொல்லித்தான் அவள் குடை தேட வேண்டும். மழை என்று பெயருள்ள மாமனார் கிடைத்தால்கூடச் சமாளிக்கலாம், அது எப்போதாவது பெய்வது. இவளுக்கு வாய்த்தது காலையில் எழுந்தது முதல் படுக்கிறவரை நாக்கில் வந்து நிற்கிற சொல்.

கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே வாய் தவறிவிட்டது. தரை மெழுகிக்கொண்டிருந்தவள், இன்றைக்கு நிறைய உம்செபென்சி கிடக்கிறது என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். மாமியார் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. அன்று சாயங்காலம்வரை குடிசைக்குப் பின்னால் முக்காடு போட்டு உட்காரவைத்தார்கள். மறுவாரம் அவள் அப்பா ஒரு பாட்டில் பிராந்தியோடு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கிழவர் ம்செபென்சி நல்ல மனுஷர். "விடுங்கப்பா, என் பேரை இவ்வளவு ஆசையா யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல," என்று சிரித்தாராம். மாமியார் சிரிக்கவில்லை.

அந்த வீட்டு மருமகள்களுக்கென்று ஒரு மாற்றுச் சொல் இருந்தது, பங்கேலா என்று. ஊரில் அதற்கு வேலைக்குப் போவது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த வீட்டுப் பெண்கள் வாயில் அது வேலையும் ஆகும், விசேஷமும் ஆகும். நோசகேலேயும் பழகிக்கொண்டாள். அவள் காய்ச்சும் சோள பீருக்கு அக்கம்பக்கத்து ஊர்களில் நல்ல பெயர். எங்கே உம்செபென்சி என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் ஒரு வாரம் முன்னாலேயே போய், முளைகட்டிய சோளத்தை அரைத்து, பெரிய பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்து, மூன்றாம் நாள் நுரைக்கிற சத்தத்தைக் காதை வைத்துக் கேட்பாள். எங்கே போகிறாய் மாபெலே என்று வழியில் யாராவது கேட்டால், பங்கேலாவுக்கு என்பாள். மாபெலே என்பது அவள் பிறந்த குலத்தின் பெயர். அப்படிக் கூப்பிடுவதுதான் மரியாதை.

அவள் புருஷன் மவேத்து வெல்கொமில் தங்கச் சுரங்கத்தில் துளைக்கும் இயந்திரம் பிடித்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை வருவான். அவன் பெயரையும் அவள் சொல்வதில்லை. அவன் குலத்தைச் சொல்லி, ம்பிங்கா என்று கூப்பிடுவாள். கூடி இருந்த நாட்களைக் கூட்டினால் முழுசாக இரண்டு வருஷம்கூடத் தேறாது. ஆனால் அந்த நாட்களில் அவர்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. அவன் வந்திறங்கும் நாளில் அவள் நடையே மாறிவிடும் என்று ஓரகத்திகள் கேலி செய்வார்கள்.

கிழவர் ம்செபென்சி செத்து வருஷம் திரும்பியது. மவேத்துவின் தம்பி மோண்டேயின் கனவில், அப்பா மாட்டுப்பட்டிக்கு வெளியே குளிரில் நின்றுகொண்டு உள்ளே வராமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்குமேல் தள்ளிப்போடக்கூடாது என்று குலத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவரை வீட்டுக்குள் அழைக்கிற உம்செபென்சி அந்தக் குளிர்காலத்திலேயே நடக்க வேண்டும். மூத்த மகன் மவேத்து வந்து மாட்டைக் குத்துகிற ஈட்டியைப் பிடித்தால்தான் நடக்கும்.

வெல்கொமுக்கும் கொபோடிக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் தபாங். அப்பா சோத்தோக்காரர், அம்மா கோசா. வெல்கொமிலேயே பிறந்து வளர்ந்தவன். அன்று ஊர்க் கடைவாசலில் இன்ஜினை நிறுத்தாமல், ஆள் ஏறுவதற்குள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மாமனாரின் தம்பிமார் இரண்டு பேர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதுபட அந்தச் சொல்லை எப்படிச் சொல்வாள்? நோசகேலே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"எங்க வீட்டு ம்பிங்காகிட்ட சொல்லுப்பா. வீட்டுல பங்கேலா இருக்கு. அவர் இல்லாம நடக்காது, உடனே வரணும்னு."

"பங்கேலாவா? சொல்லிடறேம்மா," என்றான் அவன். நல்ல சேதி கொண்டுபோகிற சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள், பையன் விசேஷத்துக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறான்போல என்று நினைத்தாள்.

அவன் அதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தன் வீட்டுப் பெண்களின் பேச்சு மவேத்துவுக்குத் தெரியாதா என்ன. ஆனால் தபாங்குக்கு வாய் சும்மா இருக்காது. உங்கள் ஊரில் வேலை வந்திருக்கிறதாம் அண்ணே, நீங்கள் இல்லாமல் ஆரம்பிக்க மாட்டார்களாம் என்று, சேதிக்குக் கையும் காலும் வைத்துச் சொல்லிவிட்டான். கொபோடிக்குத் தார் ரோடு வரப்போகிறது என்ற பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. வழியில் மலை இருக்கிறது, பாறை இருக்கிறது, துளைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மவேத்து கணக்குப் போட்டதில் தப்பே சொல்ல முடியாது. தங்கத்தின் விலை படுத்துக் கிடந்த சமயம் அது. சுரங்கக் கம்பெனி, தானாக விலகிப்போகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வேன் வந்து நின்றபோது நோசகேலே முதலில் பார்த்தது கூரைமேல் கட்டியிருந்த இரும்புப் பெட்டியை. பிறகு மெத்தையை. பிறகு மண்ணெண்ணெய் அடுப்பை. விசேஷத்துக்கு வருகிற ஆள் கைப்பையோடு வருவான். அவனோ புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இறங்கினான். சாமான்களை உள்ளே வைத்து, அவள் கொடுத்த புளித்த கூழைக் குடித்துவிட்டுத்தான் கேட்டான்.

"எப்ப ஆரம்பிக்கறாங்க?"

"வெள்ளிக்கிழமை. மாடு வந்தாச்சு."

"மாடா? ரோடு போட மாடு எதுக்கு?"

அவன் குவளையைக் கீழே வைத்தான். நீ என்ன சொல்லி அனுப்பினாய் என்று கேட்டான், அவள் சொன்னாள். அவன் பெட்டிமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தான்.

"தபாங் என்ன எங்க வீட்டு மருமகளா? அவனுக்கு அது எப்படி மாபெலே தெரியும்?"

திரும்பிப் போய்க் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது என்றான். அவளுக்கு அந்த இடத்திலேயே தரையில் மண்டையை மோதிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த விஷயம் இந்தக் குடிசையை விட்டு வெளியே போகக்கூடாது என்றான். போனால் உன்னைப் பிய்த்துத் தின்பார்கள். நான் அப்பாவுக்காகத்தான் வந்தேன், அவ்வளவுதான்.

அந்த உம்செபென்சியைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். மவேத்து ஈட்டியைப் பிடித்தான், மாடு நன்றாக உரக்கக் கத்தியது, பெரியவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாடு கத்தினால்தான் மூதாதையர் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். மாமனாரின் தம்பி எழுந்து நின்று, பிள்ளை என்றால் இவன்தான், அப்பன் உம்செபென்சிக்காகக் கம்பெனிக்காரன் உம்செபென்சியை உதறிவிட்டு வந்த பிள்ளை இவன் என்று பேசினார். ஜனம் ஆரவாரம் செய்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நோசகேலேயும் குலவையிட்டாள், வேறு என்ன செய்ய முடியும்? பீர் பீப்பாயைக் கிளறிக்கொண்டே கண்ணைத் துடைத்தவளைப் பார்த்து, மாமனார்மேல் எவ்வளவு பாசம் பார் என்றார்கள்.

தொகை தீர்ந்தது. தார் ரோடும் வரத்தான் செய்தது, இரண்டு வருஷம் கழித்து. கவுன்சிலர் வீட்டுப் பையன்கள் பச்சை அங்கியும் மஞ்சள் தொப்பியும் போட்டுக்கொண்டு ரோட்டு வேலையில் வண்டிகளுக்குக் கொடி காட்டி நின்றார்கள். பாறை உடைக்கிறவர்களை வெளியூரிலிருந்து கொண்டுவந்தார்கள். மவேத்து ஒவ்வொரு நாள் காலையிலும் வேலை கேட்டுப் போய் நின்று, மத்தியானம் திரும்பி வந்தான். ஒரு நிலைக்குப் பிறகு போவதை நிறுத்திவிட்டான். வேலையில்லாத ஆண்பிள்ளைக்கு ஊரில் போக ஒரே இடம்தான் இருந்தது, எங்கெல்லாம் மாடு அறுக்கிறார்களோ அங்கே. அறுக்கத் தெரிந்த கை, கூறு போடத் தெரிந்த கை. எல்லா வீட்டிலும் அவனைத் தேடினார்கள்.

"உனக்கென்ன மவேத்து, நாங்களெல்லாம் வருஷம் பூரா தேடியும் ஒரு உம்செபென்சி கிடைக்கல. உனக்கு வாரத்துக்கு ரெண்டு!"

இதைச் சொல்லாத ஆள் இல்லை. சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். மவேத்துவும் சேர்ந்து சிரிப்பான். அவள் பீர் ஊற்றிக்கொண்டே தூரத்திலிருந்து பார்ப்பாள். அவன் பற்களை மட்டும் காட்டுவது அவளுக்குத் தெரியும். அந்தப் பாவிகள் வாயில் கொதிக்கக் கொதிக்க எதையாவது ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு வரும். ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசினால் நடந்தது வெளியே வந்துவிடும். பேசாமல் ஊற்றினாள். மெல்ல மெல்ல அவன் வெட்டுகிறதைவிடக் குடிக்கிறது அதிகமானது.

மூடிப்போட்ட பழைய குழிகளுக்குள் திருட்டுத்தனமாக இறங்கித் தங்கம் சுரண்டுகிறவர்கள் அப்போதுதான் வெல்கொம் பக்கம் பெருக ஆரம்பித்திருந்தார்கள். மாதக்கணக்கில் அடியிலேயே கிடப்பார்களாம், மேலேயிருந்து ரொட்டியும் மெழுகுவர்த்தியும் இறக்குவார்களாம். மவேத்து போகிறேன் என்றதும் அவள் கதவை மறித்து நின்றாள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையில் அது ஒன்றுதான் சண்டை.

"நான் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தானே இப்படி ஆச்சு? என்னை அடிச்சிட்டாவது இங்கயே இருங்க."

"நீ என்ன செஞ்ச? எங்கப்பன் பேரை மதிச்ச. அதுக்கு உன்னை அடிக்கணுமா?" என்றான். "ஒரு உம்செபென்சின்னு சொல்லிக்க எனக்கு வேணும், மாபெலே. மாடு அறுக்கறது இல்ல. மத்தது."

அவள் வழிவிட்டாள். வழிவிட்டிருக்கக்கூடாது என்று பிறகு ஆயிரம் தடவை நினைத்தாள்.

தபாங் மூலம் இரண்டு தடவை பணமும், பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் செருப்பும் வந்தன. பிறகு வரவில்லை. ஒரு நாள் தபாங் ஹாரன் அடிக்காமல் வந்து வாசலில் நின்றான். குழிக்குள் தீப்பிடித்து விஷப்புகை பரவியதாம். உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, இறங்கிப் பார்க்கவும் யாரும் தயாராயில்லை. காவல்காரர்கள் லாரி லாரியாக கான்க்ரீட் கொண்டுவந்து வாயை அடைத்துவிட்டார்கள். இவ்வளவையும் அழுதுகொண்டே சொன்னான். அந்தப் பழைய சேதியைத் திரித்தது தான்தான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. நானாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவள் அவனுக்கு ஒரு தட்டில் அவித்த சோளமும் பீன்ஸும் போட்டுக் கொடுத்தாள்.

உடல் இல்லை. புதைக்க எதுவும் இல்லாதவனுக்கு ஒரே வழி, செத்த இடத்துக்கு உம்பாஃபா முள்மரக் கிளையை எடுத்துப்போய், ஆவியை அதில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு அழைத்து வருவது. வந்தபிறகு மாடு அறுத்து உம்செபென்சி. அப்படி அழைக்காவிட்டால் அவன் அந்த இருட்டிலேயே கிடப்பான், பிள்ளைகளின் பிள்ளைகளுக்குக்கூட அவன் யாரோ. மோண்டே தன் இரண்டு மாடுகளில் ஒன்றைக் கொடுத்தான். மோண்டேயும் அவளும் தபாங்கின் வேனில் கிளம்பினார்கள். திரும்பும்போது ஒரு இடத்தைக் காலியாக விட வேண்டும், அது அண்ணனுக்கு என்று மோண்டே சொன்னான். கிளையை மனைவிதான் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு வீடு சேரும்வரை அவள் வேறு எவரோடும் பேசக்கூடாது. அவனோடு மட்டும் பேசலாம். ஆற்றைக் கடக்கிறோம், மலை ஏறுகிறோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் வழியில் தொலைந்துபோவான்.

குழியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். நாயோடு நின்ற காவலாளி வேலிவரைதான் விட்டான். தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிமெண்ட் திட்டு தெரிந்தது, ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு. அவ்வளவுதான். நோசகேலே கிளையைக் கம்பிக்குள் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். மோண்டே தொண்டையைச் செருமிக்கொண்டு குலத்தின் பெயர்களை வரிசையாகச் சொன்னான்.

"அண்ணா, உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம். எந்திரிச்சு வா. வீட்டுல உம்செபென்சி இருக்கு."

அவள் சட்டென்று அந்தத் திட்டைப் பார்த்தாள். இதைத்தானே போன தடவையும் சொன்னோம். இதைக் கேட்டுத்தானே பெட்டியும் மெத்தையுமாக வந்திறங்கினார். அங்கே அடியில் கிடக்கிறவர் காதில் எந்த உம்செபென்சி விழுந்திருக்கும்? எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தால்?

"வேலை இல்ல, ம்பிங்கா," என்றாள். கத்தித்தான் சொன்னாள், காவலாளியின் நாய் எழுந்து நின்றது. "வேலைன்னு நெனச்சு வராதீங்க. வேலை எதுவும் வாங்கி வைக்கல உங்களுக்கு. மாடு, பீரு, நம்ம ஜனம். உங்களுக்கு நடக்கப்போற உம்செபென்சி. உங்க உம்செபென்சி."

கல்யாணமான முதல் மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. சொன்ன பிறகு, பழக்கத்தில் கை தானாக வாய்க்குப் போனது. மோண்டே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். காதில் விழவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்வான், நல்ல பிள்ளை. சிறிது நேரம் கழித்து, அண்ணன் வந்துவிட்டான், போகலாம் என்றான்.

வேனில் கிளையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து அவள் பேசிக்கொண்டே வந்தாள். இது நீங்கள் வேலை பார்த்த கம்பெனி வாசல், ம்பிங்கா. இது ஆஸ்பத்திரி. இப்போது பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டோம், குளிர் காற்று அடிக்கிறது, கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். மற்ற பயணிகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ரேடியோ போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ப்ளூம்ஃபோன்டைன் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் கரகரவென்று இரைச்சல், வெகுகாலம் சுரங்கத்துத் தூசியைத் தின்ற ஆள் என்று மூச்சைக் கேட்டாலே தெரிந்தது. குயின்ஸ்டவுன் போக வேண்டும் என்றார். இடமில்லை என்றான் தபாங். அதோ இருக்கிறதே என்று அவர் காலி இடத்தைக் காட்டினார்.

"அங்க ஆள் இருக்காரு, பெரியவரே."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவள் மடியிலிருந்த கிளையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். எந்தக் குழி என்று மோண்டேயிடம் கேட்டார், மோண்டே சொன்னான். பெரியவர் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"என் தம்பியும் அந்தக் குழியிலதான்," என்றார். "வீட்டுல மிச்சம் நான் ஒருத்தன். மாடு அறுக்க வக்கில்ல. கூட்டிட்டுப் போய் எங்க வைக்கறது? அவனை விட்டுட்டுத்தான் போறேன்."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. தபாங் கியர்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்த மனுஷரிடம் நோசகேலே ஒரு வார்த்தையும் பேச முடியாது. அவள் பக்கத்து இடத்தின் பக்கம் திரும்பினாள்.

"ம்பிங்கா, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. உங்ககூட உள்ள இருந்தவரோட அண்ணன் வந்து நிக்கறார். அவர் தம்பியையும் கூப்பிட்டு ஏத்திக்குங்க. நம்ம வீட்டு மாடு ரெண்டு பேருக்கும் தாங்கும்."

பெரியவர் ஏறினார். அந்த இடத்தில் உட்காரவில்லை. கதவோரம் தரையில் குந்தி, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். வேன் ஊரைத் தாண்டியது. குயின்ஸ்டவுனில் எந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும் என்று தபாங் கேட்டான்.

"குயின்ஸ்டவுன் வேண்டாம்ப்பா," என்றார் அவர். "இவங்க எங்க எறங்கறாங்களோ, அங்க."